இல்லாத சின்ன வீட்டுக்குப் போகச் சொன்ன சட்டம்



'வீடு' என்ற தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடல் நடத்தும்போது நாம் பெரும்பாலும் நம் ஊர்க் கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். கம்பத்து வீடு, தோட்டத்து லயன், அப்புறம் அடுக்குமாடி. கீழ்நிலை வகுப்புக்கு அது போதும். வாடகை, அரசு உதவி, வீட்டின் அளவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்று மேல்நிலை மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால், பிரிட்டனின் கதை நன்றாகக் கைகொடுக்கும்.

2013 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே ஒரு புது விதி நடைமுறைக்கு வந்தது. நகர மன்றத்தின் வீட்டிலோ லாப நோக்கமற்ற வீடமைப்புச் சங்கத்தின் வீட்டிலோ குடியிருந்து, வாடகை கட்ட அரசு உதவியும் வாங்குகிற குடும்பத்திடம் 'தேவைக்கு மேல்' ஒரு படுக்கையறை இருந்தால், உதவிக்குக் கணக்கில் எடுக்கும் வாடகையில் 14 விழுக்காடு வெட்டு. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 25 விழுக்காடு. மிச்சத்தைக் கையிலிருந்து கட்டுங்கள், இல்லாவிட்டால் சின்ன வீட்டுக்குப் போங்கள் என்றது அரசு. சரி, போகலாம். ஆனால் சின்ன வீடு எங்கே இருக்கிறது?

அதற்குப் பதில் தேடினால் நூறு வருசம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போவதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். சிங்கப்பூரில் 'மூவறை வீடு' என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும். பிரிட்டனில் கூடத்தை எண்ணுவதில்லை, படுக்கையறையை மட்டும்தான் எண்ணுவார்கள். ஆகவே கீழே 'மூன்று படுக்கையறை வீடு' என்று வரும் இடமெல்லாம் நம் கணக்கில் நாலறை வீடு. மாணவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

கிளாஸ்கோவின் ஒற்றை அறைகள்

முதல் உலகப் போருக்கு முந்தைய கிளாஸ்கோவில் பாதிக்கு மேற்பட்ட மக்கள் ஓரறை அல்லது ஈரறைக் குடியிருப்புகளில்தான் வாழ்ந்தார்கள். இங்கே அறை என்பது படுக்கையறை இல்லை, மொத்த வீடே அதுதான். ஓரறை வீட்டுக்கு 'சிங்கிள் எண்ட்' என்று பெயர். அடுப்பு அதே அறையில், சுவரைக் குடைந்த பொந்து போன்ற இடத்தில் கட்டில், அதற்கு அடியில் பிள்ளைகளுக்கு இழுத்துப் போடும் இன்னொரு கட்டில். கழிவறை மாடிப்படித் திருப்பத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. காசநோய் ஒருவருக்கு வந்தால் அந்த அறையில் தப்பிக்க இடம் கிடையாது.

போர் தொடங்கியதும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். கோவன் வட்டாரம் நிரம்பி வழிந்தது. புதிய கட்டடம் எதுவும் எழவில்லை. வீட்டுக்காரர்களின் முகவர்கள் வாடகையை ஏற்றினார்கள். கணவன்மார் பலர் போர்முனையில் இருந்தார்கள். முகவர் கணக்குப் போட்டது, வீட்டில் பெண்கள்தானே இருக்கிறார்கள் என்று. அங்கேதான் அவர்கள் கணக்குத் தப்பியது.

மேரி பார்பர் என்ற கோவன் குடும்பத்தலைவி தெருத்தெருவாகப் பெண்களைத் திரட்டினார். பழைய வாடகையைக் கட்டுவோம், ஏற்றிய பங்கைக் கட்டமாட்டோம் என்பது அவர்கள் நிலை. வெளியேற்றும் உத்தரவோடு நீதிமன்ற ஆள் வருவது தெரிந்தால் ஒருத்தி மணி அடிப்பாள். சமையலில் இருப்பவர், துணி துவைப்பவர் எல்லாரும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து படிக்கட்டை அடைத்துக்கொள்வார்கள். வந்தவர் மேல் மாவுப் பொட்டலங்கள் பறக்கும். 1915 நவம்பருக்குள் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் இந்த வாடகை மறுப்பில் சேர்ந்துவிட்டன. நவம்பர் 17 அன்று வாடகைதாரர்கள் சிலர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டபோது, கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலமாக வந்தார்கள். போர்க்காலத்தில் கப்பல் தளம் நின்றால் என்ன ஆகும் என்பது லண்டனுக்குத் தெரியும். வருடம் முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திவைக்கும் சட்டம் வந்துவிட்டது.

வாடகையைச் சட்டத்தால் நிறுத்திவைக்கும் இந்த வழக்கம் பிற்பாடு காலனிகளுக்கும் வந்தது. சிங்கப்பூரில் 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல்தான் நீக்கப்பட்டது. மலேசியாவில் 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு போனது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளிலிருந்து குடும்பங்கள் கிளம்பிய கதையைப் பினாங்கு ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மூன்று படுக்கையறை ஏன்?

வாடகையை நிறுத்திவைத்தால் மட்டும் புது வீடு வந்துவிடாது. லாபம் குறையும் இடத்தில் தனியார் யாரும் கட்ட வரமாட்டார்கள். அப்படியென்றால் அரசுதான் கட்டியாக வேண்டும். 1918இல் டியூடர் வால்டர்ஸ் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. 1919இல் அமைச்சர் அடிசனின் பெயரால் அறியப்படும் வீடமைப்புச் சட்டம் வந்தது. நகர மன்றங்கள் கட்ட வேண்டும், கருவூலம் மானியம் கொடுக்கும் என்பது ஏற்பாடு. போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு அவர்களுக்குத் தகுந்த வீடு என்பது அன்றைய அரசியல் வாக்குறுதி.

அந்தக் குழு எந்த வீட்டை மனத்தில் வைத்திருந்தது என்று பாருங்கள். ஏக்கருக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் கூடாது. தோட்டம் வேண்டும், குளியல் வசதி வேண்டும், படுக்கையறை மூன்று வேண்டும். பெற்றோருக்கு ஒன்று, ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. இந்த எளிய கணக்கு அடுத்த அரை நூற்றாண்டுக்கு நாட்டின் அச்சாகிவிட்டது. சிங்கிள் எண்டில் பிள்ளைகள் இருமி இருமிச் செத்ததைப் பார்த்த தலைமுறை அது. அவர்களுக்குச் சின்ன வீடு என்பதே நோயின் பெயர். இரண்டாம் போருக்குப் பிறகு சுகாதார அமைச்சராக வீடமைப்பையும் கையில் வைத்திருந்த அனூரின் பெவன், மூன்று படுக்கையறை வீட்டின் பரப்பை 900 சதுர அடி அளவுக்கு உயர்த்தினார். எண்ணிக்கை குறைந்தாலும் தரம் குறையக்கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு படுக்கையறை வீடே கட்டவில்லையா என்று கேட்டால், கட்டினார்கள். ஆனால் பெரும்பாலும் முதியவர்களுக்கு. தரைத்தள வீடுகள், பராமரிப்பாளர் ஒருவர் உள்ள முதியோர் குடியிருப்புகள், 1960களின் உயரமான அடுக்குமாடிகளில் கொஞ்சம். அவற்றில் பலவற்றுக்கு வயது நிபந்தனை உண்டு. நாற்பது வயதில் தனியாக இருப்பவர் அந்தக் கதவைத் தட்ட முடியாது. 1977இல் வந்த வீடற்றோர் சட்டமும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும், முதுமையாலோ நோயாலோ நலிந்தவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தது. அது நியாயமானதுதான். ஆனால் தனியாளின் தேவை எந்தப் பட்டியலிலும் மேலே வரவில்லை. கேட்பார் இல்லாத வீட்டை யார் கட்டுவார்கள்?

இதற்கிடையில் குடும்பங்கள் சுருங்கின. பிள்ளைகள் குறைந்தார்கள், மணமுறிவு கூடியது, ஆயுள் நீண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்தில் மூன்று இல்லங்கள் ஒற்றையாள் இல்லங்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னால் இதில் பாதிகூட இல்லை. (சிங்கப்பூரிலும் இதே போக்குதான். 2010இல் 12.2 விழுக்காடாக இருந்தது 2020இல் 16 விழுக்காடு ஆகியிருக்கிறது.) மூன்று படுக்கையறையில் பிள்ளை வளர்த்த தாய் அதே வீட்டில் தனியாக மிஞ்சினாள். அவளுக்கு அது வீடு. பதிவேட்டில் அது 'இரண்டு அறை கூடுதல்'.

செங்கல்லுக்குக் கொடுத்த பணம் ஆளுக்குப் போனது

கதையின் திருப்பம் இந்த இடத்தில்தான். மாணவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டிய பகுதியும் இதுதான்.

ஏழைக்கு வீட்டில் உதவ அரசுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வீட்டையே மானியத்தில் கட்டிக் குறைந்த வாடகைக்கு விடுவது. இன்னொன்று, வாடகை எவ்வளவு இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கட்ட முடியாதவருக்குப் பணமாக உதவுவது. முதலாவதைச் செங்கல்லுக்குக் கொடுக்கும் மானியம் என்றும் இரண்டாவதை ஆளுக்குக் கொடுக்கும் மானியம் என்றும் சொல்லலாம். நம் வீவக வாடகை வீட்டில் குறைந்த வருமானக் குடும்பம் மாதம் சில பத்து வெள்ளி மட்டும் கட்டுகிறதே, அங்கே சலுகை வாடகையிலேயே அடங்கிவிட்டது. தனியாக உதவித்தொகை என்று எதுவும் கைமாறுவதில்லை. அதனால்தான் பிரிட்டிஷ் செய்தியில் 'ஹவுசிங் பெனிஃபிட்' என்று படிக்கும்போது நம்மவர்களுக்கு அது சட்டென்று பிடிபடுவதில்லை.

1975 வாக்கில் பிரிட்டனின் வீட்டு மானியத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் செங்கல்லுக்குப் போனது. 2000இல் அது அப்படியே தலைகீழ். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆளுக்குப் போனது. இடையில் நடந்தவை நான்கைந்து. 1972 சட்டம் வாடகைத் தள்ளுபடியை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. 1982-83இல் அதெல்லாம் ஒன்றாக்கப்பட்டு இன்று நாம் பேசும் வாடகை உதவித்தொகை பிறந்தது. 1980 சட்டம் நகர மன்ற வீட்டை அதில் குடியிருப்பவரே பெரும் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. தாட்சர் காலத்தின் மிகவும் புகழ்பெற்ற திட்டம் அது. மூன்று ஆண்டு குடியிருந்தவருக்கு 33 விழுக்காடு தள்ளுபடி, நீண்ட காலம் இருந்தவருக்கு 50 வரை. பத்தே ஆண்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் கைமாறின.

வாங்கியவர்களைப் பழிக்க நமக்கு என்ன இருக்கிறது? வாழ்நாள் முழுக்க வாடகை கட்டியவர் சொந்த வீட்டுக் கதவுக்குப் பிடித்த நிறம் அடிக்கிறார் என்றால் அது அவருக்குப் பெரிய விஷயம்தான். தவறு விற்றதில் இல்லை என்பது என் எண்ணம். விற்ற பணத்தில் பெரும்பகுதியைத் திரும்ப வீடு கட்டச் செலவிட நகர மன்றங்கள் அனுமதிக்கப்படவில்லை, அதில்தான் இருக்கிறது. 1953 வாக்கில் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் கட்டிய நகர மன்றங்கள், 1990களின் இறுதியில் நாடு முழுக்கச் சேர்த்து ஆண்டுக்குச் சில நூறு வீடுகள்தான் கட்டின.

1989 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பாடு நீங்கியது. 1915இல் கோவன் பெண்கள் பிடித்துவைத்த கயிறு இங்கே அவிழ்ந்தது. வாடகை ஏறினால் ஏறட்டும், உதவித்தொகை தாங்கிக்கொள்ளும் என்பதுதான் கொள்கை. தாங்கிக்கொண்டும் வந்தது. விலை என்னவென்றால், 2010 வாக்கில் அந்த ஒரே உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 2,000 கோடி பவுண்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கை பாருங்க. நகர மன்றம் விற்ற வீடுகளில் ஒரு கணிசமான பகுதி பிற்பாடு தனியார் வாடகைக்கு வந்துவிட்டது. அதே வீட்டுக்கு, அதே போன்ற ஏழைக் குடும்பத்துக்கு, முன்பைவிடக் கூடுதல் வாடகையை அரசே உதவித்தொகையாகக் கட்டியது.

2013: விதி எப்படி வேலை செய்தது

2010இல் அமைந்த கூட்டணி அரசு செலவைக் குறைக்கப் புறப்பட்டது. 2012 நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒரு பகுதிதான் நாம் தொடக்கத்தில் பார்த்த விதி.

அரசின் வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். ஒரு பக்கம் இலட்சக்கணக்கான குடும்பங்கள் நெருக்கடியில் அடைந்து கிடக்கின்றன, இங்கிலாந்தில் மட்டும் காத்திருப்போர் பட்டியலில் ஏறக்குறைய 18 இலட்சம் குடும்பங்கள். இன்னொரு பக்கம் மானிய வீடுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் படுக்கையறைகள் சும்மா கிடக்கின்றன. இடம் மாறினால் இரண்டு பக்கமும் சரியாகும். அதோடு, தனியார் வீட்டில் இருந்துகொண்டு உதவி பெறுவோருக்கு 2008 முதலே குடும்ப அளவுக்கு ஏற்றபடிதான் உதவி. இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை? காகிதத்தில் படித்தால் தலையாட்டத் தோன்றும்.

விதிகள் இப்படி: தம்பதிக்கு ஓர் அறை. பதினாறு வயதுக்கு உட்பட்ட ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை. பத்து வயதுக்கு உட்பட்டவர்களானால் அண்ணன் தங்கையும் ஒரே அறை. ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு விதி பொருந்தாது.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். கூடுதல் அறை உள்ள வீடுகளில் பெரும்பங்கு இருந்தது பிள்ளைகள் கிளம்பிப் போன முதியவர்களிடம். அவர்களுக்கு விலக்கு. முதியவர்களை அலைக்கழிக்காதது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு எங்கே போய் நிற்கிறது? சின்ன வீடுகள் பல முதியோருக்கென்று ஒதுக்கப்பட்டவை. பெரிய வீட்டு முதியவர் நகர வேண்டியதில்லை. நகரச் சொல்லப்பட்டவர்களுக்கோ அந்தச் சின்ன வீட்டில் இடமில்லை.

அமைச்சின் சொந்த மதிப்பீட்டின்படியே ஏறக்குறைய 660,000 குடும்பங்கள் பாதிக்கப்படும். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களில் உடற்குறை உள்ளவர் ஒருவர் இருந்தார். சராசரி இழப்பு வாரத்துக்கு 14 பவுண்டு. வீடமைப்புச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு ஒரு கணக்கைக் காட்டியது: இங்கிலாந்தில் இரண்டு படுக்கையறை வீட்டிலிருந்து ஒரு படுக்கையறை வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் ஏறத்தாழ 180,000 குடும்பங்கள், ஒரு வருடத்தில் காலியாகும் ஒரு படுக்கையறை மானிய வீடுகளோ ஓர் இலட்சம்கூட இல்லை. அந்த ஓர் இலட்சத்துக்கும் குறைவானதற்கு ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்கள் வேறு.

வாரம் 14 பவுண்டு பெரிய தொகையா என்று மாணவர் கேட்பார். கணக்காகவே போட்டுக் காட்டலாம். வேலை இல்லாத, 25 வயதைத் தாண்டிய ஒருவருக்கு 2013இல் வாராந்தர உதவி 71.70 பவுண்டு. சாப்பாடு, மின்சாரம், பேருந்து எல்லாம் அதில்தான். அவர் வீட்டு வாடகை வாரம் 80 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 14 விழுக்காடு என்றால் 11.20. அதாவது கையில் வரும் பணத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வாரத்தின் ஏழு நாளில் ஒரு நாள் காணாமல் போச்சுன்னு சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

சரி, தனியார் வீட்டில் ஒரு படுக்கையறை பார்த்துப் போகலாமே? போகலாம். ஆனால் பல ஊர்களில் தனியாரின் ஒரு படுக்கையறை வீட்டு வாடகை, மானியத்தில் விடப்படும் மூன்று படுக்கையறை வீட்டு வாடகையைவிட அதிகம். அவர் போனால் உதவித்தொகை குறைவதற்குப் பதிலாக ஏறும். சேமிப்பு வேண்டுமானால் அவர் நகராமல் இருந்து அபராதம் கட்ட வேண்டும். மக்கள் இடம் மாற வேண்டும் என்று சொன்ன விதி, மாறாமல் இருந்தால்தான் அரசுக்குப் பணம் மிச்சமாகும்படி அமைந்திருந்தது. இந்த ஒரு முரணைப் புரிந்துகொண்டாலே போதும் என்று நினைக்கிறேன்.

என்ன நடந்தது? அரசே நியமித்த ஆய்வாளர்களின் இடைக்கால அறிக்கை 2014இல் வந்தது. 2013 முடிவுக்குள் மானிய வீடுகளுக்கு உள்ளேயே சிறிய வீட்டுக்கு மாறியவர்கள் 4.5 விழுக்காடு. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாடகை பாக்கி விழுந்திருந்தது. வட இங்கிலாந்தின் சில இடங்களில் மூன்று படுக்கையறை வீடுகளை எடுக்க ஆளில்லாமல் பூட்டிப் போட வேண்டி வந்தது. ஓர் அறை கூடினாலும் வெட்டு விழும் என்று பயந்து யாரும் எடுக்கவில்லை. பெரிய வீட்டைக் குடும்பங்களுக்கு விடுவிப்பதற்காக வந்த விதியல்லவா இது!

படுக்கையறை என்றால் என்ன?

மொழி ஆசிரியர்கள் ரசிக்கும் பகுதி இது. இவ்வளவு பெரிய சட்டத்தில் 'படுக்கையறை' என்ற சொல்லுக்கு வரையறையே இல்லை. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை என்று எழுதியிருக்கிறாரோ அத்தனை. கட்டில் போட்டால் கதவு திறக்காத பெட்டி போன்ற அறையும் படுக்கையறை. சிறுநீரக சுத்திகரிப்புக் கருவி வைத்திருக்கும் அறையும் படுக்கையறை. லீட்ஸ் நகர மன்றம் 800க்கும் மேற்பட்ட தன் வீடுகளில் சில அறைகளைப் 'படுக்கையறை அல்ல' என்று திருத்தி எழுதியது. சுவர் நகரவில்லை, சொல்தான் நகர்ந்தது. அதனால் அந்தக் குடும்பங்களுக்கு உதவி மிஞ்சியது.

இதில் இன்னொரு பழைய சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1935இல் வந்த நெரிசல் தரநிலை இங்கிலாந்தில் இன்னமும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதன்படி ஒரு வீட்டில் நெரிசல் உண்டா என்று பார்க்கும்போது கூடமும் தூங்கும் இடமாக எண்ணப்படும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை அது ஆளாகவே எண்ணப்படாது. பத்து வயது வரை அரை ஆள். ஆக, உங்களுக்கு இடம் போதவில்லை என்று போய் நின்றால் கூடத்தையும் கணக்கில் சேர்த்து 'போதும்' என்பார்கள். உங்களிடம் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும்போது மூலையறையையும் எண்ணி 'அதிகம்' என்பார்கள். இரண்டு அளவுகோலும் ஒரே நாட்டுச் சட்டத்தில்!

பெயரைப் பற்றியும் பெரிய சண்டை. அரசு அதைக் 'கூடுதல் அறை மானிய நீக்கம்' என்றது. எதிர்த்தவர்கள் 'படுக்கையறை வரி' என்றார்கள். கறாராகப் பார்த்தால் அது வரியே அல்ல, உதவிக் குறைப்பு. ஆனால் மானியம் என்று ஒன்று அந்தப் பெயரில் யாருக்கும் கொடுக்கப்பட்டதும் இல்லையே, இல்லாததை எப்படி நீக்குவது? இரண்டு பெயருமே வாதம்தான். ஊர் வாயில் நின்றது 'படுக்கையறை வரி'. தலைப்புச் சொல் எப்படிக் கருத்தைச் சுமக்கிறது என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

விதியை எழுதியவர்களின் அவசரத்துக்கும் ஒரு சான்று உண்டு. 1996 ஜனவரிக்கு முன்பிருந்து தொடர்ந்து அதே வீட்டில் உதவி பெற்றுவருபவர்களுக்குப் பழைய விதி ஒன்றின்படி வெட்டு பொருந்தாது என்பது, நடைமுறைக்கு வந்து சில மாதம் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2014 மார்ச்சில் ஓட்டையை அடைத்தார்கள்.

2013இல் ஐ.நா.வின் வீட்டுரிமைச் சிறப்பு அறிக்கையாளர் ராக்கெல் ரோல்னிக் நேரில் வந்து பார்த்துவிட்டு, விதியைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார். அமைச்சர்கள் கோபப்பட்டார்கள். 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம், உடற்குறையால் ஒரே படுக்கையைப் பகிர முடியாத தம்பதிக்கும், இரவுப் பராமரிப்பாளர் தேவைப்படும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கும் அறையைக் கூடுதல் என்று சொல்வது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. மற்ற பல வழக்குகள் தோற்றன. விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசும் வட அயர்லாந்து அரசும் வெட்டுப்படும் தொகையைத் தங்கள் நிதியிலிருந்து ஈடுகட்டுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக அப்படி இல்லை. கோவனில் 2013 போராட்டங்களின்போது மேரி பார்பரின் பெயர் திரும்ப எழுந்தது. 2018இல் அங்கே அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் ஒரு தீர்ப்பாயம், 70 சதுர அடிக்குக் குறைந்த அறையைப் பெரியவர் ஒருவருக்கான படுக்கையறையாக எண்ணக்கூடாது என்று முதலில் சொன்னது. மேல் தீர்ப்பாயம், அளவு மட்டுமே முடிவு செய்யாது என்று அதைத் திருத்தியது. 70 சதுர அடி என்றால் பத்தடிக்கு ஏழடி. வகுப்பறைத் தரையில் ஒட்டுநாடாவால் அந்த அளவைக் குறித்துவிடுங்கள். மேசைகளைச் சேர்த்து ஆறேகால் அடிக்கு மூன்றடியில் ஒரு கட்டில் அமையுங்கள். ஓர் அலமாரிக்கு இரண்டு நாற்காலி. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று சுண்ணக்கட்டியால் வளைவு போடுங்கள். பிறகு இருவர் இருவராக உள்ளே நிற்கச் சொல்லி, ஓர் அணி வீட்டுக்காரர் தரப்பிலும் மற்றொன்று வாடகைதாரர் தரப்பிலும் பேசட்டும். தீர்ப்பாயமாக மூன்று பேரை உட்கார வைத்துவிடுங்கள். 'அறை', 'கூடம்', 'தேவை', 'கூடுதல்' ஆகிய நான்கு சொற்களுக்கும் அவரவர் அணி சொந்தமாக வரையறை எழுதிக்கொண்டுதான் பேசத் தொடங்க வேண்டும். வரையறை எழுதவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அதற்கே பற்றாது.